முகத்தை மூடிவிட்டு முதுகை நனைக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார் என்ற செய்தி ஒவ்வொரு தெளிப்புப் பருவத்திலும் வருகிறது. பெரும்பாலும் நாலு வரிதான். அந்த நாலில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: “முகக்கவசம் அணியாமல் தெளித்ததால் நச்சுக்காற்றைச் சுவாசித்து…” அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திறந்த வயலில் முதுகுத் தெளிப்பானால் அடிக்கிறவரின் உடம்புக்குள் போகும் நஞ்சில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. மூச்சு வழியாகப் போவது அதோடு ஒப்பிட்டால் கொஞ்சம். செய்தியைப் படிக்கிறவரோ மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொள்கிறார். மூடி ஒழுகும் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு சட்டை நனைய நனைய மாலைவரை நடக்கிறார். முகத்தில் கட்டிய துணி சாரலில் நனைந்துவிட்டால் அதுவும் கவசமாக இருப்பதில்லை. உதட்டிலும் கன்னத்திலும் நஞ்சைப் பற்றுப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே தோல் இல்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தன்னார்வலர்களின் உடம்பில் பல இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது. முன்கையில் பட்டதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் 12, வயிற்றில் 18, தலையில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64. விதைப்பையில் பட்டது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு தெளிக்கிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். குனியும்போது டேங்க் மூடியிலிருந்து வழிவது முதுகெலும்பு வழியாக இடுப்புக்கு இறங்கி, இடுப்புக்கட்டில் தேங்கி, தொடைச் சந்துக்குப் போகிறது. நெற்றி வியர்வையைக் கையுறையின் புறங்கையால் துடைக்கிறார். சிறுநீர் கழிக்கப் போகும்போது கையைக் கழுவுவதில்லை. கழித்த பிறகு கழுவினாலும் கழுவுவார். இந்த வேலையில் கழுவ வேண்டியது அதற்கு முன்னால்.

வெயிலும் வியர்வையும் தோலின் வாசலை இன்னும் திறந்துவிடுகின்றன. பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகள் தோலில் பட்டால் பெரும்பாலும் சுடாது, எரியாது, அரிக்காது. வலித்தால் மனிதன் உடனே கழுவிவிடுவான். வலிக்காததால் காயட்டும் என்று விட்டுவிடுகிறான். ‘மருந்து’ என்ற பெயரும் அந்தத் துணிச்சலுக்குக் கொஞ்சம் உதவுகிறதோ என்னவோ. பேச்சில் ஊறிய சொல்லை மாற்றச் சொல்லவில்லை. நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்.

நாள் முழுக்க நடக்கும் வேலையில் மிக ஆபத்தானது கலக்கும் அந்த ஐந்து நிமிடம். கணக்கைப் பார்த்தால் புரியும். புட்டியில் 40 சதவீத இ.சி. (தண்ணீரில் கலந்தால் பால் போலாகும், கரைப்பானில் கரைத்த அடர்மருந்து) என்றிருந்தால் ஒரு லிட்டரில் 400 கிராம் நஞ்சு. 1 மில்லியில் 400 மில்லிகிராம். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்று கலந்தால், கலந்த நீர் ஒரு லிட்டரில் இருப்பது 800 மில்லிகிராம். அதாவது புட்டியிலிருந்து கையில் சிந்தும் ஒரு மில்லி, கலந்த நீர் அரை லிட்டரைக் கையில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். அரை லிட்டர் நீர் மேலே கொட்டினால் யாரும் பதறுவார்கள். ஒரு மில்லி சிந்தினால் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். துடைத்த இடம் பிறகு நாள் முழுதும் தொடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

சிந்துவதற்கும் காரணங்கள் உண்டு. புட்டியின் வாயில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பல்லாலோ கத்தி முனையாலோ குத்தித் திறந்தால், வெயிலில் கிடந்த புட்டிக்குள் ஏறியிருக்கும் அழுத்தம் துளியை முகத்தில் அடிக்கும். நிழலில் வைத்து ஆறவிட்டு, தகட்டை விளிம்பிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். பெரிய கேனைச் சாய்க்கும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் குபுக் குபுக்கென்று கொட்டித் தெறிக்கும். ஊற்றும் வாய் மேல்பக்கம் இருக்கும்படி கேனைத் திருப்பிப் பிடித்தால் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சீராக விழும். மூடியால் அளக்கக் கூடாது. அளவுக் குவளை வேண்டும். தூளாக வரும் மருந்தை நேரே டேங்க்கில் கொட்டினால் புழுதி எழும்பும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று ஊற்ற வேண்டும். கலக்க ஒரு கம்பு. முழங்கைவரை கையை விட்டுக் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலக்கும்போது முகமூடியைவிடக் கண்ணாடிதான் முக்கியம். புட்டி காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்க்கிலேயே ஊற்றிவிட வேண்டும்.

கையுறையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. துணிக் கையுறையும் தோல் கையுறையும் கையுறை இல்லாததைவிட மோசம், நஞ்சைக் குடித்து வைத்துக்கொண்டு விடாமல் கையில் ஊட்டும். வேண்டியது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, கனம் சுமார் 0.4 மில்லிமீட்டர், முன்கையை மூடும் நீளம், உள்ளே துணி ஒட்டாதது. கையைத் தாழ்த்தி அடிக்கும் பயிரானால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே தொங்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கி அடிக்கும் மரமானால் கையுறை சட்டைக் கைக்கு மேலே ஏறி, நுனி மடிந்திருக்க வேண்டும். வழிகிற நீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் இந்த மாற்றம். இதே காரணத்துக்காகக் கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. தோல் செருப்பு, தோல் பெல்ட், தோல் கைக்கடிகாரப் பட்டை ஆகியவற்றில் ஊறிய ஆர்கனோபாஸ்பேட்டை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. அவற்றை எறிய வேண்டியதுதான். மருத்துவமனையிலிருந்து தேறி வந்தவர் அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மறுபடி விழுவது புதிரே அல்ல.

தெளிப்பானை மருந்து ஊற்றும் முன் வெறும் தண்ணீரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கே ஒழுகும்? மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் குனியும்போது முதுகில். ஹோஸ் சேரும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இடுப்பில். கைப்பிடியில் இருக்கும் திறப்பு வால்வு தேய்ந்திருந்தால் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில், இதை யாரும் ஒழுகல் என்றே கணக்கில் வைப்பதில்லை. கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல் இறக்கி நிரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். நாசில் (சாரல் வெளிவரும் முனை) அடைத்தால் வாயால் ஊதுவது பழைய பழக்கம்; ஊதுகிறவர் உறிஞ்சவும் செய்கிறார். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிச் சாரல் கெட்டுவிடும். மாற்று நாசில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, அடைத்ததைப் பிறகு மென்மையான தூரிகையால் சுத்தம் செய்வதே சரி. லான்ஸை (கையில் பிடித்து அடிக்கும் நீண்ட குழலை) நேர் முன்னால் வீசிக்கொண்டு நடந்தால், நனைந்த செடிக்குள் நடந்து தொடையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வோம். காற்றுக்குக் குறுக்காக நடந்து, காற்று போகும் பக்கமாக லான்ஸைப் பிடித்தால் நனைந்த செடி எப்போதும் நமக்குப் பக்கவாட்டில் இருக்கும்.

இவ்வளவும் மீறிப் பட்டுவிட்டால் எப்படித் தெரியும்? ஆர்கனோபாஸ்பேட்டும் கார்பமேட் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி வகையும், நரம்பு முனையிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. கட்டளை ஓய்வதில்லை, சுரப்பி சுரந்துகொண்டே இருக்கும், தசை துடித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் தலைவலி, குமட்டல், கண் மங்கல், நெஞ்சு இறுக்கம். பிறகு எச்சில் வழிதல், கண்ணீர், அளவுக்கு மீறிய வியர்வை, வாந்தி, பேதி, நெஞ்சில் சளிக் கரகரப்பு. இமையிலும் கெண்டைக்காலிலும் தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற துடிப்பு. கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிவிடும்.

முதல் அரைமணியில் இதை வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்க வைத்து விடுகிறார்கள். அந்த அரைமணி முழுக்க நனைந்த உடை உடம்பிலேயே இருக்கிறது. வெயில் மயக்கத்தில் வாய் வறளும், கண்மணி சுருங்காது, நாடி ஓடும். நஞ்சில் வாயும் கண்ணும் மூக்கும் ஈரம். ஆனால் நாடியை மட்டும் நம்பிவிடக் கூடாது. நஞ்சிலும் தொடக்கத்தில் நாடி வேகமாக இருக்கலாம், அபூர்வமாகக் கண்மணி விரிந்தும் இருக்கலாம். சந்தேகம் என்றால் நஞ்சு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: ஒரு கண்ணில் மட்டும் துளி தெறித்திருந்தால் அந்தக் கண்மணி மட்டும் சுருங்கும். விவரம் சொல்லாமல் கூட்டிப்போனால் தலையில் அடிபட்டதோ என்று மருத்துவர் தேட ஆரம்பிப்பார்.

எல்லா மருந்தும் இப்படி நடந்துகொள்ளாது. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி பட்டால் அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகத்தில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் வரும். வெயிலும் வியர்வையும் வெந்நீரும் அதைக் கூட்டும், ஒரு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் தணியும், ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். பாராகுவாட் களைக்கொல்லியின் நஞ்சுக்கு முறிமருந்தே கிடையாது. ஒழுகும் டேங்க்கால் நாள் முழுக்க முதுகு நனைந்து, தோல் வெந்து, அந்தப் புண் வழியாகவே உடம்பில் ஏறி உயிர் போனவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அதில் பாதிக்கப்பட்டவருக்கு ஆக்சிஜன் கொடுப்பது நுரையீரல் சேதத்தைக் கூட்டும் என்பதால் மருத்துவர் அளந்துதான் கொடுப்பார். ஆகவே எந்த நஞ்சு என்று தெரியாமல் சிகிச்சை தொடங்குவது இருட்டில் தடவுவதுதான்.

மூச்சு வழியாகவே கொல்வதும் உண்டு, அது வயலில் அல்ல, தானியக் கிடங்கில். அங்கே பூச்சியைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, 3 கிராம் எடையுள்ளது ஒன்று, காற்றின் ஈரத்தில் 1 கிராம் பாஸ்பைன் என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதன் பூண்டு வாடையை நம்பக் கூடாது. வாடை வராமலும் ஆபத்தான அளவு இருக்கும். தூசிக் கவசமும் துணிக் கவசமும் அந்த வாயுவை நிறுத்தவே நிறுத்தாது. இந்த மருந்து உடையில் கொட்டினால் மட்டும் முதல் வேலை தண்ணீர் அல்ல, ஈரம் பட்டால் வாயு அதிகம் கிளம்பும். திறந்தவெளிக்கு வந்து, உடையைக் களைந்து, தூளை உதறித் தட்டிவிட்டுப் பிறகே தாராளமாகக் கழுவ வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முதல் வேலை உடையைக் கழற்றுவது. வண்டியைக் கூப்பிடுவது இன்னொருவர் வேலையாக இருக்கட்டும். உதவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் பையாவது கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். நனைந்த சட்டையைத் தலை வழியாக உருவினால் முகமெல்லாம் பூசிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். உள்ளாடை, செருப்பு, அரைஞாண், கடிகாரம் எதுவும் மிஞ்சக் கூடாது. கூச்சம் பார்த்து உள்ளாடையை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, மேலே சொன்ன எண்களில் கடைசியாக இருப்பது எந்த இடம் என்று பாருங்கள். சோப்பும் நிறையத் தண்ணீரும், குறைந்தது 15 நிமிடம், அழுத்தித் தேய்க்காமல். தலைமுடி, காதுமடலின் பின்புறம், அக்குள், தொப்புள், தொடைச் சந்து, நகக்கண். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் ஓடும் நீர்.

எண்ணெயோ நெய்யோ தடவக் கூடாது, கொழுப்பில் கரையும் நஞ்சை அது தோலுக்குள் அழைத்துப் போகும். வாயில் போயிருந்தாலும் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, இ.சி. மருந்துகளில் இருக்கும் கரைப்பான் வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி உயிராபத்து. நினைவு தவறியவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புட்டியையோ லேபிளின் படத்தையோ கூடவே கொண்டுபோக வேண்டும். விற்பனைப் பெயர் உதவாது, மூலப்பொருளின் பெயரும் சதவீதமும் வேண்டும். ஒரே மாதிரியான விற்பனைப் பெயரில் வெவ்வேறு நஞ்சுகள் விற்பனையாகின்றன.

ஆர்கனோபாஸ்பேட் பட்டவருக்கு மருத்துவமனையில் முறிமருந்தான அட்ரோபின் கொடுத்து எச்சிலும் சளியும் வற்றி, ஆள் எழுந்து உட்கார்ந்ததும் வீட்டார் அழைத்துப்போகப் பரபரக்கிறார்கள். இங்கேதான் இரண்டாவது கண்ணி. நஞ்சு பட்ட 24 மணியிலிருந்து 96 மணிக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஒரு நிலை சிலருக்கு வரும். இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் இதை விவரித்து ‘இடைநிலை நோய்க்குறி’ என்று பெயரிட்டார்கள். நஞ்சை விழுங்கியவர்களிடம் அதிகம் காணப்பட்டாலும் தோல் வழியாகப் பட்டவர்களுக்கும் வரக்கூடும். அறிய எளிய வழி இருக்கிறது: மல்லாந்து படுத்தவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது. முடியவில்லை என்றால் அடுத்துத் தளரப்போவது மூச்சு, செயற்கைச் சுவாசக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு அட்ரோபின் உதவாது. ஆகையால் நாலு நாள் கண்காணிப்பு என்று மருத்துவர் சொன்னால் நாலு நாள்தான். தெளிக்கப் போகும்போதே முன்காப்பாக அட்ரோபின் மாத்திரை போட்டுக்கொள்வதும் ஆபத்து. எச்சரிக்கும் அறிகுறிகளை அது மறைத்துவிடும்.

மயங்கி விழாதவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. தினமும் கொஞ்சம் படும்போது மேலே சொன்ன நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஆள் வேலைக்கு வந்துகொண்டே இருப்பார். பிறகு ஒரு நாள் வழக்கமான அளவே அவரை வீழ்த்திவிடும். ரத்தத்தில் அந்த நொதியை, அதாவது கோலினெஸ்டரேஸை, அளந்தால் முன்கூட்டியே தெரியும், ஆனால் ஒரே ஓர் அளவு பயனில்லை. இயல்பு அளவு ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடும்; ஒருவரின் நொதி பாதியாகக் குறைந்த பிறகும் ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்றே வரலாம். பருவம் தொடங்கும் முன், நஞ்சு படாத 30 நாளுக்குப் பிறகு அவரவர் அடிப்படை அளவை எடுத்து வைக்க வேண்டும். கலிபோர்னியாவின் விதி இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது: அடிப்படையில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை முறையைச் சோதிக்க வேண்டும்; ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் நொதி 70 சதவீதமாகவோ பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) இருக்கும் நொதி 60 சதவீதமாகவோ குறைந்தால் ஆளைத் தெளிப்பு வேலையிலிருந்து விலக்க வேண்டும்; 80 சதவீதத்துக்கு மேலே ஏறிய பிறகே திரும்ப எடுக்கலாம். ரத்தக் குப்பியை உடனே குளிரில் வைக்காவிட்டால் ரத்தத்தில் இருக்கும் நஞ்சு குப்பிக்குள்ளும் நொதியை முடக்கிக்கொண்டே போய் அளவைப் பொய்யாக்கும் என்பது ஆய்வகங்களுக்கு ஒரு நினைவூட்டல்.

தெளித்தவர் மட்டும்தான் பாதிக்கப்படுவார் என்பதும் இல்லை. அடித்த மறுநாள் களை எடுக்கவும் காய் பறிக்கவும் இறங்குகிறவர்களின் கையிலும் இடுப்பிலும் இலையிலிருந்து துடைபட்டு ஒட்டுகிறது, காலைப் பனியில் இன்னும் எளிதாக. லேபிளில் மறுநுழைவுக்கு இத்தனை மணி நேரம் என்று இருந்தால் அதுதான் கணக்கு. அடித்த மருந்து காய்ந்துவிட்டது என்பது கணக்கு அல்ல. தெளித்த உடையை மற்ற துணிகளோடு ஊறப்போட்டால் நஞ்சு குழந்தையின் சட்டைக்கு மாறும். தனியாக, வெந்நீரில், சோப்புத்தூள் போட்டு, இரண்டு தடவை. அடர்மருந்து நேராகக் கொட்டிய உடை துவைப்பதற்கில்லை.

இவ்வளவு கவசத்தையும் கொளுத்தும் வெயிலில் யார் போட்டுக்கொள்வார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வைத்திருக்கும் பூச்சிக்கொல்லி நடத்தை நெறியே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அணிய வசதியில்லாத, விலை கூடிய, எளிதில் கிடைக்காத கவசம் தேவைப்படும் மருந்துகளை, குறிப்பாக வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகளும் கூலியாட்களும் பயன்படுத்தும் இடத்தில், தவிர்க்க வேண்டும் என்பது அதன் வாசகம். அதாவது கவசம் கடைசிப் படி. எந்த மருந்தை வாங்குவது என்பது முதல் படி, அதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் டேங்க்கைச் சுமப்பவர் அல்ல. விழுந்தவர் கவசம் அணியவில்லை என்று எழுதும்போது அந்த முதல் படியில் நின்றவர் செய்தியிலிருந்து நழுவிவிடுகிறார்.

தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது முகக்கவசத்தைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுதுங்கள். மருந்தின் மூலப்பொருள் என்ன, எத்தனை சதவீதம்? கலக்கும்போது பட்டதா, தெளிக்கும்போதா? அதை வாங்கிக் கொடுத்தது யார்? உடம்பில் எந்த இடம் நனைந்திருந்தது? மயங்கியது எத்தனை மணிக்கு, நனைந்த உடையைக் கழற்றியது எத்தனை மணிக்கு?

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்பிலும் தொழில்நல மருத்துவத்திலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்